பச்சை விளக்கு எரிந்தும் சார்ஜ் ஏறாத கண்ட்ரோலர்கள்: புதுச்சேரி கேம் சென்டர் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

புதுச்சேரி முத்தியால்பேட்டையில், கடலுக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் ஒரு சிறிய கேம் சென்டர் இருக்கிறது. அண்ணனும் தம்பியும் நடத்துகிறார்கள். அண்ணனுக்குப் பகலில் வேறு வேலை உண்டு. கடையைத் திறப்பது, வருகிறவர்களை உட்காரவைப்பது, இரவு பூட்டுவது எல்லாம் தம்பியின் பொறுப்பு. கட்டடம் அவர்கள் அப்பாவுடையது. மாடியில்தான் குடும்பம் குடியிருக்கிறது. இந்தக் கடைசி விவரம் பின்னால் ஒரு முடிவைத் தீர்மானித்தது என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கடையில் டிவியோடு இணைத்து ஆடும் பிளேஸ்டேஷன் கன்சோல்கள்: நான்கு பிஎஸ்4, ஒரு பிஎஸ்5. மணிக்கணக்கில் கட்டணம். வருகிறவர்களில் பாதிக்கு மேல் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள். ஜோடியாக வந்து ஃபுட்பால் ஆடுவார்கள். கையில் பிடித்து ஆடும், பிஎஸ்4-க்கான டூயல்ஷாக் 4 கண்ட்ரோலர்கள் எட்டு, அதாவது ஒரு கன்சோலுக்கு இரண்டு.

தொடக்கத்தில் கேபிள் போட்டுத்தான் சார்ஜ் செய்தார்கள். சார்ஜ் தீர்ந்தால் கேபிளைச் செருகியபடியே ஆட்டம் தொடரும். கோல் விழும் நேரத்தில் பையன் எழுந்து நிற்பான், கேபிள் இழுபடும். டூயல்ஷாக் 4-இல் இருப்பது மைக்ரோ யூஎஸ்பி துளை. அடிக்கடி இழுபட்டால் அது தாங்காது, ஆட ஆரம்பித்துவிடும். நல்லவேளையாக அந்தத் துளை மெயின் போர்டில் இல்லாமல் தனிச் சின்ன போர்டில் இருக்கிறது. அதை மட்டும் மாற்றிவிடலாம், செலவும் குறைவு. ஆனாலும் ஒன்று மாற்றி இன்னொன்று என்று கண்ட்ரோலர்கள் என்னிடம் சர்வீஸுக்கு வந்துகொண்டே இருந்தன. சரி, கேபிளே வேண்டாம் என்று முடிவு செய்து, 2024 தொடக்கத்தில் கன்சோலுக்கு ஒன்று வீதம் நான்கு சார்ஜிங் டாக் (கண்ட்ரோலரை நிறுத்தி சார்ஜ் ஏற்றும் தாங்கி) வாங்கினார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு கண்ட்ரோலரை நிறுத்தலாம்.

டாக் வேலை செய்யும் விதம் எளிது. டூயல்ஷாக் 4-இன் அடிப்பக்கத்தில் ஹெட்போன் துளையை ஒட்டி ஒரு விரிவாக்க முனை இருக்கிறது. டாக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் முனை அதில் போய் உட்காரும். மைக்ரோ யூஎஸ்பி துளையைத் தொடவே வேண்டியதில்லை. துளை தேயும் பிரச்சினைக்கு இது சரியான தீர்வு. அவர்கள் டாக் வாங்கியதில் எந்தத் தவறும் இல்லை.

டாக் வந்த பிறகு

டாக்கோடு ஒரு குட்டை யூஎஸ்பி கேபிள் வந்தது. அடாப்டர் வரவில்லை. தம்பி அந்தக் கேபிளைக் கன்சோலின் முன்பக்க யூஎஸ்பி துளையில் செருகி, டாக்கைக் கன்சோலின் மேலேயே வைத்துவிட்டார். பார்க்கவும் அழகாக இருந்தது, இடமும் மிச்சம். தேர்வுக் காலம் என்பதால் கூட்டம் குறைவு. பிரச்சினை எதுவும் தெரியவில்லை.

கோடை விடுமுறை தொடங்கியதும் நிலைமை மாறியது. சனி, ஞாயிறு மாலைகளில் ஆட்டத்தின் நடுவிலேயே கண்ட்ரோலர்கள் அணைந்தன. வேறு கன்சோலின் கண்ட்ரோலரை வாங்கி இணைத்தால் அதுவும் கொஞ்ச நேரத்தில் அணைந்தது. ஆடுகிறவர்களிடம் அரை மணி நேரம் கூடுதலாகத் தருவதாகச் சொல்லிச் சமாளித்தார்கள். அடுத்து உட்கார வேண்டியவர்கள் வாசலில் நின்று முணுமுணுத்தார்கள்.

தம்பி என்னிடம் சொன்னது இதுதான்: “எல்லா டாக்லயும் பச்சைதான்ணே எரியுது. ஃபுல்னு நினைச்சு எடுத்துக் குடுத்தா ஒரு மணி நேரம் கூட வரல.” பேட்டரிகள் எல்லாம் போய்விட்டன என்பது அவர் முடிவு. அண்ணன் நான்கு புதிய கண்ட்ரோலர் வாங்கத் தயாராக இருந்தார். வாங்குவதற்கு முன் ஒருமுறை பார்த்துச் சொல்லும்படி என்னை அழைத்தார். கேபிள் துளைகளை மாற்றிக் கொடுத்தவன் என்பதால் அந்தக் கண்ட்ரோலர்கள் எனக்கு ஏற்கெனவே பழக்கம்.

கடையில் பார்த்தது

முதலில் பார்த்தது கரண்ட் எங்கிருந்து வருகிறது என்பதை. கன்சோல் ஓடும்போது அதன் யூஎஸ்பி துளையில் மின்சாரம் இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் கண்ட்ரோலர் ஆடுகிறவர் கையில் இருக்கும், டாக் காலியாக நிற்கும். கன்சோலை முழுதாக அணைக்காமல் ரெஸ்ட் மோட் என்ற தூக்க நிலையில் விட்டாலும் யூஎஸ்பி துளைக்கு மின்சாரம் கொடுக்கும் வசதி பிஎஸ்4-இல் உண்டு. எப்போதும், 3 மணி நேரம், வேண்டாம் என்று மூன்று வகையாக அதை அமைக்கலாம். ஆனால் இந்தக் கடையில் இரவு பூட்டும்போது மெயின் சுவிட்சையே அணைத்துவிடுவார்கள். ஆக, இரவு முழுக்கக் கண்ட்ரோலர்கள் டாக்கில் நின்றாலும் ஒரு சொட்டுக் கரண்ட் கூட ஏறவில்லை. அவை சார்ஜ் ஆனதெல்லாம் பகலில், ஒரு ஜோடி எழுந்து அடுத்த ஜோடி உட்காரும் இடைவெளியில் மட்டும். விடுமுறைக் கூட்டத்தில் அந்த இடைவெளியும் போய்விட்டது. கோடையில் மட்டும் பிரச்சினை தலைதூக்கியதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது, அளவு. டூயல்ஷாக் 4-இன் முதுகில் ஒட்டியிருக்கும் லேபிளிலேயே 5 வோல்ட், 800 மில்லிஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். இரண்டு கண்ட்ரோலருக்கு 1600. கன்சோலின் யூஎஸ்பி 3.0 துளைக்கான வரையறையோ 900 மில்லிஆம்பியர்தான். உள்ளே இருக்கும் பேட்டரி 1000 மில்லிஆம்பியர்-மணி. முழு அளவில் கரண்ட் கிடைத்தால் காலியான கண்ட்ரோலர் சுமார் 2 மணி நேரத்தில் நிறையும். இங்கே இரண்டும் பங்கு போட்டுக்கொண்டதால் அந்த நேரம் ஏறத்தாழ இரட்டிப்பானது. டாக்கின் மீது எந்தக் குறையும் இல்லை. அதற்குக் கொடுத்த தீனிதான் பாதி.

மூன்றாவதாகப் பார்த்தது எனக்கு முக்கியமாகப் பட்டது. ஓடும் கரண்டை அளந்து காட்டும் யூஎஸ்பி மீட்டரை இடையில் போட்டு ஒவ்வொரு டாக்காகச் சோதித்தேன். சார்ஜ் தீர்ந்த ஒரே கண்ட்ரோலரை நான்கிலும் மாற்றி மாற்றி வைத்தேன். இரண்டு டாக்குகள் ஒழுங்காக இழுத்தன. மற்ற இரண்டில் சில இடங்களில் மீட்டர் அசையவே இல்லை. அப்போதும் டாக்கில் பச்சை எரிந்தது.

இந்த வகை மலிவு விலை டாக்குகளில் உள்ள விளக்குக்குப் பேட்டரி நிறைந்துவிட்டதா என்று தெரியாது. ஓடும் கரண்ட் குறைந்துவிட்டதா என்று மட்டும்தான் தெரியும். பேட்டரி நிறைந்தால் கரண்ட் குறையும், பச்சை வரும். முனை சரியாகத் தொடாவிட்டாலும் கரண்ட் குறையும், அப்போதும் அதே பச்சை. ஆனால் கண்ட்ரோலரிடம் சொந்த அடையாளம் ஒன்று இருக்கிறது. அணைந்த நிலையில் சார்ஜ் ஏறும்போது டூயல்ஷாக் 4-இன் ஒளிப்பட்டை ஆரஞ்சு நிறத்தில் மெதுவாக மின்னும், நிறைந்ததும் நின்றுவிடும். மீட்டர் அசையாத அந்த இடங்களில் காலியான கண்ட்ரோலரை வைத்தபோது ஆரஞ்சு மின்னவே இல்லை. டாக்கில் நிறுத்தும்போது ஒளிப்பட்டை சுவர்ப் பக்கம் திரும்பிவிடும்படி அடுக்கியிருந்ததால் கடையில் யாரும் அதைப் பார்க்க வாய்ப்பில்லை. பச்சை மட்டும் கண்ணுக்கு நேராக எரிந்துகொண்டிருந்தது.

தொடாததற்குக் காரணம் டாக் முனைகளில் தெரிந்தது. மங்கலான வெள்ளைப் படிவம், ஓரத்தில் பச்சைக் களிம்பு. கடலை ஒட்டிய தெருக்களில் இது சைக்கிள் செயினிலும் ஜன்னல் கம்பியிலும் நாம் தினம் பார்ப்பதுதான். உப்புக் காற்றோடு ஆடுகிறவர்களின் கை வேர்வையும் சேர்ந்துவிட்டது. தம்பி நல்ல எண்ணத்தில் ஒரு டாக்கின் முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார். முனைகளின் மேல் இருக்கும் மெல்லிய முலாம்தான் அரிப்பைத் தடுக்கிறது. அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் உள்ளே இருக்கும் செம்புக் கலப்பு இன்னும் வேகமாகக் களிம்பேறும். நான்கில் அதிகம் கெட்டிருந்தது அந்த டாக்தான்.

கடைசியாக ஒன்று, தேடிப் போகாமலே கையில் சிக்கியது. ஒரு கண்ட்ரோலரை மேசையில் வைத்தால் சமமாக உட்காராமல் ஆடியது. மேல் ஓடும் கீழ் ஓடும் சேரும் இடத்தில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. பின்புறம் இருக்கும் நான்கு திருகாணிகளைக் கழற்றித் திறந்தபோது பேட்டரி உப்பியிருந்தது. லித்தியம் பேட்டரிக்குள் வேதிப்பொருள் சிதைந்து வாயு சேர்ந்தால் இப்படி உப்பும். வயதும் வெப்பமும் அதை விரைவாக்கும். இந்த வகை பேட்டரியை 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது என்பது பொதுவான வரம்பு. மே மாதம், ஏசி ஓடாத காலை நேரம், மூன்று பக்கமும் அடைத்த டிவி அலமாரி, அடியில் சூடான கன்சோல்: அந்த இடத்தில்தான் டாக் நின்றது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

உப்பிய பேட்டரியை அப்போதே கழற்றினோம். அழுத்தாமல், குத்தாமல், முனையில் டேப் ஒட்டி, காய்ந்த மணல் போட்ட தகர டப்பாவில் வைத்துக் கடைக்கு வெளியே நிழலில் வைத்தோம். பிறகு மின்கழிவு எடுக்கும் இடத்தில் ஒப்படைத்தார்கள். குப்பைத் தொட்டியில் போடும் பொருள் இல்லை அது. குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பிடித்தால் கஷ்டப்படுவது துப்புரவுப் பணியாளர்.

அடுத்தது இரவு சார்ஜ் பற்றிய கேள்வி. தம்பியின் யோசனை, டாக்குகளுக்கு மட்டும் தனி லைன் இழுத்து இரவு முழுக்க ஓடவிடலாம் என்பது. நிறைய கடைகளில் அப்படித்தான் நடக்கிறது. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. “பூட்டுன கடைக்குள்ள கரண்ட் ஓடக் கூடாதுப்பா. மேல கொழந்தைங்க படுத்திருக்கு,” என்றார். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். அப்பா சொல்வது சரி என்றுதான் நானும் சொன்னேன். நல்ல பேட்டரியும் நல்ல அடாப்டரும் இருந்தால் ஆபத்து குறைவுதான். ஆனால் எட்டில் ஒன்று உப்பியதை அன்றைக்குத்தான் பார்த்திருந்தோம். மற்றவற்றின் வயதும் ஏறத்தாழ அதே. சார்ஜ் ஏறும்போது ஒரு ஆள் அருகில் இருக்க வேண்டும் என்பதை மாற்ற முடியாத விதியாக வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதற்கேற்ப அமைத்தோம்.

கடை திறப்பது 11 மணிக்கு. தம்பி 8.30-க்கே கீழே வந்து கூட்டிப் பெருக்குவார். அந்த நேரத்தில் மெயினைப் போட்டு எல்லா டாக்கையும் ஓடவிட்டால் இரண்டரை மணி நேரம் கிடைக்கும். டூயல்ஷாக் 4-க்கு அது போதும். போதுமான கரண்ட் கிடைத்தால் மட்டும். அதனால் டாக்குகளைக் கன்சோலிலிருந்து பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்று என்று கொடுத்தோம். பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் அச்சிட்ட அடாப்டராகப் பார்த்து வாங்கச் சொன்னேன். சாலையோரத்தில் கிடைக்கும் சில அடாப்டர்கள் மேலே 2 ஆம்பியர் என்று போட்டிருந்தாலும் சுமை ஏறியதும் வோல்டேஜ் சரிந்துவிடும்.

இங்கே தம்பி கேட்ட ஒரு கேள்வி பலருக்கும் வருவது. வீட்டில் கிடக்கும் 33 வாட் மொபைல் சார்ஜரைப் போட்டால் கண்ட்ரோலர் எரிந்துவிடாதா? சரியாகச் செய்யப்பட்ட சார்ஜர் என்றால் எரியாது. வேகச் சார்ஜர் முதலில் 5 வோல்ட்தான் தரும். எதிர்ப்பக்கச் சாதனம் கேட்டால்தான் வோல்டேஜை உயர்த்தும். டாக் அப்படிக் கேட்பதில்லை. ஆம்பியர் விஷயத்திலும் சாதனம் தனக்கு வேண்டியதை மட்டும்தான் இழுத்துக்கொள்ளும். பயப்பட வேண்டியது தரமில்லாத சார்ஜருக்கு. பெரிய வாட்டுக்கு இல்லை.

டாக்குகளை அலமாரியிலிருந்து எடுத்து, கவுண்டருக்குப் பின்னால் காற்றோட்டமான திறந்த பலகையில் வரிசையாக வைத்தோம், ஒளிப்பட்டை தம்பியைப் பார்க்கும்படி. இனி பார்க்க வேண்டியது ஆரஞ்சை மட்டும். டாக்கின் பச்சை விளக்குகள் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டார் அண்ணன். அது எனக்குத் தோன்றாத நல்ல யோசனை.

முனைகளைத் துடைக்க ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் காது துடைக்கும் பஞ்சுக்குச்சியும். வாரத்துக்கு ஒருமுறை, கரண்டை எடுத்துவிட்டு, காய்ந்த பிறகே கண்ட்ரோலரை வைக்க வேண்டும். உப்புத்தாளும் பிளேடும் கூடவே கூடாது. தேய்த்துக் கெடுத்த டாக்கைக் கழித்துவிட்டு, அதே மாதிரியில் வேறொன்று வாங்கினார்கள்.

புதிய கண்ட்ரோலர்கள் விஷயத்தில் நான்குக்குப் பதில் இரண்டு போதும் என்று முடிவானது. ஒரு நாள் முழுக்க ஆட ஒரு சார்ஜ் எப்படியும் போதாது. மொத்தம் பத்து இருந்தால் எட்டு ஆட்டத்தில் இருக்கும்போது இரண்டு கவுண்டர் டாக்கில் ஏறிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் எண் ஒட்டி, டாக்கில் வைத்த நேரத்தை ஒரு நோட்டில் குறிக்கத் தொடங்கினார்கள். உப்பிய பேட்டரிக்குப் பதிலாக, பேட்டரிப் பாதுகாப்புக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 16046 முத்திரை இருந்த பேட்டரி போட்டோம்.

பிஎஸ்4 அமைப்புகளில் ஒளிப்பட்டையின் வெளிச்சத்தையும் குறைத்தோம். கண்ட்ரோலரின் அதிர்வை நிறுத்தினால் சார்ஜ் இன்னும் மிச்சமாகும். ஃபுட்பால் ஆடுகிறவர்கள் கண்டுகொள்ளவில்லை. சண்டை, கார் ரேஸ் ஆடுகிறவர்கள் ஒத்துக்கொள்ளவே இல்லை. அவர்கள் காசு கொடுத்து வருவது அந்த உணர்வுக்காகவும்தான் என்பதால் அதிர்வை அப்படியே விட்டுவிட்டார்கள்.

அடுத்த மாதங்கள்

அடுத்த வார இறுதியிலேயே வித்தியாசம் தெரிந்தது. பெரும்பாலான கண்ட்ரோலர்கள் மாலை வரை தாங்கின. அப்போதும் இரண்டு மட்டும் மற்றவற்றுக்கு முன்பே ஓய்ந்தன. நோட்டில் அவற்றின் எண்கள் திரும்பத் திரும்ப வந்ததால் சந்தேகத்துக்கே இடமில்லை. அவை உண்மையிலேயே பேட்டரி தேய்ந்தவை, மாற்றினோம். தம்பி முதலில் சொன்னது இந்த இரண்டின் அளவுக்குச் சரி. எட்டும் போய்விட்டதாகத் தோன்றியதால் இந்த இரண்டும் மறைந்து கிடந்தன.

மழைக்காலத்துக்கு முன் அண்ணன் வேறு நிறுவனத்தின் கன்சோலான எக்ஸ்பாக்ஸ் ஒன்றைச் சேர்க்கலாமா என்று யோசித்தார். இதே டாக் ஆகுமா என்று கேட்டார். ஆகாது. எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரில் இருப்பது கழற்றி மாற்றும் இரண்டு ஏஏ பேட்டரி. அதற்கான டாக்குகள் தனி ரீசார்ஜ் பேட்டரிப் பொதியும் தொடுமுனை உள்ள பின்மூடியும் சேர்த்து வரும். சாதாரண ஆல்கலைன் ஏஏ பேட்டரியை எதைக் கொண்டும் சார்ஜ் செய்யக் கூடாது, கசியும். ரீசார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் ஏஏ போட்டாலும் கேபிள் செருகினால் கண்ட்ரோலருக்குள்ளேயே அது ஏறாது. வெளியே எடுத்து அதற்குரிய சார்ஜரில்தான் போட வேண்டும். கேம் சென்டருக்கு இது ஒரு விதத்தில் வசதிதான், பேட்டரியை மாற்றிவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம். இருந்தாலும் இரண்டு முறைகளை ஒரே ஆள் கவனிக்க முடியாது என்று அண்ணன் அந்த யோசனையைத் தள்ளிவைத்தார்.

ஃபெஞ்சல் புயல்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. ஊரில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. கடைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் வந்தது. மெயின் அணைந்திருந்தது, டாக்குகள் பலகை உயரத்தில் இருந்தன, அதனால் அவை தப்பின. கீழ் இழுப்பறையில் வைத்திருந்த இரண்டு கண்ட்ரோலர்கள் நனைந்தன.

தம்பி அவற்றைத் துடைத்துவிட்டு டாக்கில் வைக்கவில்லை, எனக்கு போன் செய்தார். அதுதான் சரி. உள்ளே ஈரத்தோடு சார்ஜ் கொடுத்தால் போர்டில் தடங்கள் அரித்துப் போகும், பேட்டரிக்கும் ஆபத்து. ஆன் செய்து பார்க்காமல் திறந்து, பேட்டரி இணைப்பைப் பிடுங்கி, போர்டை ஆல்கஹாலில் கழுவி, காற்றில் காயவைத்து, புதுப் பேட்டரி போட்டோம். ஒன்று பிழைத்தது. மற்றொன்றில் கட்டைவிரலால் நகர்த்தும் அனலாக் குச்சிகள் தானாக நகர்ந்துகொண்டே இருந்ததால் உதிரிபாகத்துக்கு ஒதுக்கிவிட்டோம். நனைந்த பேட்டரிகள் இரண்டையும் மீண்டும் பயன்படுத்தவில்லை.

புயலுக்குப் பிறகு காற்றில் ஈரம் நின்றதில் டாக் முனைகளில் வெள்ளைப் படிவம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தது. மழை மாதங்களில் வாரம் இருமுறை துடைப்பது என்று மாற்றிக்கொண்டார்கள்.

இன்னொரு முறை என்றால்

இதே கடையை முதலிலிருந்து அமைத்தால், டாக் வாங்கும் அன்றே அடாப்டரையும் சேர்த்து வாங்கச் சொல்வேன். காலியான ஒரு கண்ட்ரோலரை ஒவ்வொரு இடத்திலும் வைத்து ஆரஞ்சு மின்னுகிறதா என்று பார்த்த பிறகே பில் போடச் சொல்வேன். முனை தனியாகக் கழற்றி மாற்றும்படி இருந்தால் கடலோர ஊர்க்காரர்கள் சற்றுக் கூடுதல் விலை கொடுத்தாவது அதை எடுக்கலாம். இந்தக் கடையில் இரண்டாவதாக வாங்கிய டாக்கிலும் ஒரு இடம் இப்போது தளர்ந்து வருகிறது. முழு டாக்கையும் மாற்றுவதைத் தவிர வழியில்லை. இரவில் டாக்குகளை மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பதையும் புயலுக்கு முன்பே தொடங்கியிருக்கலாம்.

எண்ணும் நோட்டும் முதல் நாளிலிருந்தே இருந்திருந்தால் நான் வந்து மீட்டர் போட வேண்டிய தேவையே பாதி குறைந்திருக்கும்.

இன்னும் முடிவாகாத ஒன்று இருக்கிறது. பிஎஸ்4 இரண்டை எடுத்துவிட்டு பிஎஸ்5 வைக்க அண்ணன் திட்டமிடுகிறார். பிஎஸ்5-க்கான டூயல்சென்ஸ் கண்ட்ரோலரின் பேட்டரி 1560 மில்லிஆம்பியர்-மணி. நிறைய சுமார் 3 மணி நேரம் ஆகும். காலை 8.30 முதல் 11 வரை என்ற கணக்கு அதற்குப் பற்றாது. தம்பி கூடுதலாக இரண்டு டூயல்சென்ஸ் வாங்கிப் பகலில் சுழற்ற வேண்டும் என்கிறார். அண்ணன் விலையைப் பார்த்துவிட்டு 8 மணிக்கே கீழே இறங்கச் சொல்கிறார். நான் தம்பி பக்கம்.